தாள் கரண்டி

புருசன் பேரைச் சொல்லக் கூடாது என்று என்னை வளர்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: கண்ணுசாமி. என் பெயர் சொர்ணவல்லி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேர் வாங்கியவள். அந்தப் பேர் பொய்யில்லை. ஆனால் நான் செய்த பெரிய தப்பை வாயால் செய்யவில்லை, கையால் செய்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முப்பத்தேழாம் வருசம் வல்லத்திராக்கோட்டைக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேர் நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். இன்னொருவன் ராக்கன். மச்சான், மாப்பிள்ளை என்று ஒரே இலையில் சாப்பிட்ட சிநேகிதம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருசம், ராக்கன் பெண்டாட்டி பிச்சையம்மாளுக்கு நாலே மாசம். சிங்கப்பூரிலிருந்து காகிதம் வந்துகொண்டிருந்தது. பிறகு சண்டை வந்தது, காகிதம் நின்றது. சப்பான்காரன் ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போகிறான் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

நாற்பத்தொன்பதில் என் வீட்டுக்காரர் வந்தார். தனியாக வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஊரே கூடி நிற்கிறது. நடவு வயலிலிருந்து சேற்றுக் கையோடு ஓடி வந்த பிச்சையம்மாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து கேட்டாள்.

"அண்ணே, அவுங்க பின்னால வாராங்களா?"

இவர் அவளைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார். "வருவான்" என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பிச்சையம்மாள் ஒன்றரை வருசம் ஓட்டினாள். வாசல் தெளித்தாள், தாலிக்கு மஞ்சள் பூசினாள், பஸ் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தாள். எனக்கு அவளுக்கு முன்னால் தலையில் பூ வைக்கவே கூச்சமாக இருக்கும். என் புருசன் வந்துவிட்டான், அவள் புருசன் வரவில்லை. யாரோ இரண்டு பேருக்கு வைத்ததை நான் ஒருத்தியே எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

வந்தவரோ பேசவே மாட்டார். சயாமைப் பற்றிக் கேட்டால் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார். அவர் முகம் மலர்ந்து பேசிய பேச்சு ஒன்றே ஒன்றுதான். சண்டைக்கு முன்னால் சிங்கப்பூரில் ஒரு வேடிக்கைத் திடலில் அவருக்குத் தண்ணீர் சுமக்கிற வேலை. முதலாளி ஒரு சப்பான் கிழவன். அகலத் தொட்டியில் தங்க நிறத்துக் குட்டி மீன்களை விட்டிருப்பானாம். சின்ன வளையத்தில் மெல்லிசுத் தாளை ஒட்டிக் கையில் கொடுப்பானாம். தாள் நனைந்து கிழிவதற்குள் மீனை அள்ளிச் சட்டியில் போட வேண்டும். அள்ளினால் மீன் உனக்கு. கிழிந்தால் சிரித்துவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அவர்கள் ஊர்த் திருவிழா என்றால் இந்த விளையாட்டு இல்லாமல் இருக்காதாம்.

"ஒங்கள வதைச்சவன் ஊரு வெளையாட்டு ஒங்களுக்கு இனிக்குதாக்கும்?" என்று நான் ஒருநாள் சுள்ளென்று கேட்டுவிட்டேன்.

"அந்தக் கெழவன் யாரையும் வதைக்கலை சொர்ணம். சின்னப் புள்ளைங்க வந்தா மட்டும் ரெட்டைத் தாள் ஒட்டினதா எடுத்துக் குடுப்பான். அதுங்க அழக் கூடாதுல்ல" என்றார்.

ஐம்பதாம் வருசம் ஐப்பசியில் நல்ல மழை. கண்மாயில் தண்ணீர் ஏறிய பிறகுதான் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். எட்டு நாள் திருவிழா. ஒருநாள் காலை இவர் வெல்லம் காய்ச்சுகிற இரும்புக் கொப்பரை ஒன்றை இரவல் வாங்கி உருட்டிக்கொண்டு வந்தார். திருவிழாவில் மீன் கொப்பரை போடப் போகிறாராம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்புக் கட்டிவிட்டால் ஊருக்குள் கவிச்சி கிடையாது, அடுப்பில் தாளிக்கிற வாசம்கூடக் கிடையாது. இந்த மனுசர் மீன் பிடிக்கிற விளையாட்டை அம்மன் சன்னிதிக்கு எதிரிலேயே போடுகிறேன் என்கிறார்.

விசயம் ஊருக்குத் தலைமை பார்க்கிற அம்பலம் ரத்தினவேலிடம் போயிற்று. அவர் வெற்றிலையை மென்றபடி நிதானமாகக் கேட்டார். "மீனு சாகுமா?"

"சாகாதுங்க. அள்ளுன மீன சாயங்காலம் கண்மாயிலயே விட்டுர்றது."

"அப்ப அது மீன் பிடிக்கிறதில்ல. மீனுக்குச் சவாரி" என்றார் அம்பலம். ஊர் சிரித்தது. உத்தரவு ஆகிவிட்டது.

தங்க நிறத்து மீனுக்கு எங்கள் ஊரில் எங்கே போவது? அதற்கும் வழி வைத்திருந்தார். விரால் பொரித்த குஞ்சுகளை நாங்கள் பார்ப்பு என்போம். சிவப்பாக, நெருப்புத் துண்டு சிதறிய மாதிரி, கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும். வளர்ந்தால் கறுத்துவிடும். குஞ்சாக இருக்கிறவரை தங்கம் தோற்றது. கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி என் பழைய சேலைத் துணியால் அள்ளி வந்தார். புதுக்கோட்டைக்குப் போய்க் காற்றாடி ஒட்டுகிற வண்ணத் தாள் வாங்கினார். தென்னை ஈர்க்கை வளைத்து, நூலால் கட்டி, கஞ்சிப் பசையில் தாளை ஒட்டினோம். ஒற்றைத் தாள் கரண்டிகளை ஒரு கூடையிலும், ரெட்டைத் தாள் கரண்டிகளைச் சிவப்பு நூல் சுற்றி என் மடியிலும் வைத்துக்கொண்டோம். கிழவன் வழக்கப்படி ரெட்டைத் தாள் பிள்ளைகளுக்கு மட்டும். இந்த ரகசியம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு நாள் என் வீட்டுக்காரர் சிரித்ததைக் கண்ணால் பார்த்தேன். பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு பார்த்தேன். அழுத்தக் கூடாது, தாளைச் சாய்வாக இறக்கு, தலைப் பக்கமாக அள்ளு என்று பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். தேரை விட்டுவிட்டுக் கூட்டம் எங்கள் கொப்பரையைச் சுற்றி நின்றது.

மூன்றாம் நாள் செவந்தி வந்து காரியத்தைக் கெடுத்தாள். வயசு இருபத்திரண்டு ஆகியும் வரன் அமையாத பெண். "மீன் ஏறுச்சுன்னா எனக்குத் தையில கல்யாணம்" என்று கொப்பரையைக் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள். பாவம் என்று நான் மடியிலிருந்து சிவப்பு நூல் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். ஏறியது. மறுநாள் காலையில் திருவரங்குளத்திலிருந்து பெண் பார்க்க ஆள் வந்துவிட்டார்கள். அவர்கள் வருவதாக முன்பே சொல்லியிருந்தவர்கள்தான். அதை யார் யோசிக்கிறார்கள்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் விளையாட்டாக வைத்துக்கொள்ளத் தெரியாது. கல்யாணமா, கிணறு வெட்டவா, வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இப்போது பூவுக்குப் பதில் மீன். அன்றைக்கே கொப்பரையின் விளிம்பில் சூடம் எரிந்தது. ஒருத்தி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு வந்து கரண்டி கேட்டாள். திருப்பதி என்ற கிழவர் காணாமல் போன எருமை எந்தத் திசையில் இருக்கிறது என்று மீனிடம் கேட்டார்.

"இது சாமியில்லைங்க, வெளையாட்டு" என்று இவர் தொண்டை கட்டக் கத்தினார்.

"நீ சும்மா இரு சப்பான், ஒனக்கு என்ன தெரியும்" என்று, அவருக்கு வைத்திருந்த பட்டப் பேரைச் சொல்லி அவரையே அதட்டினார்கள்.

நான் அதட்டவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். என் வாயால் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த வீட்டை ஊர் கும்பிடுகிறதே என்று பெருமை.

ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் பிச்சையம்மாள் என் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, இன்னைக்கு நானும் அள்ளிப் பாக்கலாம்னு இருக்கேன்."

அவள் அண்ணன் ஆண்டிச்சாமி ஒரு இடம் கொண்டு வந்திருந்தான். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் குழந்தைசாமி என்று ஒருவர். பெண்டாட்டி செத்து மூன்று வருசம். சொந்தக் கிணற்றுப் பாசனம், குடி கிடையாது, கை நீட்டாத ஆள். எங்கள் ஆட்களில் அறுத்துக் கட்டுவது வழக்கம்தான். கட்டியவன் இல்லை என்று ஆகிவிட்டால், அந்தத் தாலியை அறுத்துவிட்டு இன்னொருவருக்குக் கழுத்தை நீட்டலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். குழந்தைசாமி அவளைச் சந்தையில் பார்த்திருக்கிறார். திருவிழா முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், அவருக்கு வேறு இடமும் காத்திருக்கிறது.

"அந்த ஆளு நல்ல ஆளு மதினி. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் மனசு இருக்கு. இருபத்தொம்பது வயசாச்சு. ஆனா அவுங்க உசுரோட இருந்து நான் போயிட்டா அது என்ன சென்மம்? அதான் கேட்டுப் பாத்துர்றேன். மீனு ஏறுச்சுன்னா அவுங்க இருக்காங்க, நான் காத்திருப்பேன். தாளு கிழிஞ்சா இல்ல. அண்ணன் சொன்னபடி கேட்டுக்கிறேன்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அவள் முகம்தான். தாள் கிழிந்தால், அத்தனை பேருக்கு முன்னால் என் வீட்டுக் கொப்பரையில் வைத்து அவள் தாலி போகும். அதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும், தலையில் பூவோடு. அந்த யோசனையிலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

சாயங்காலம் வந்தாள். குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து வந்தாள். கூட்டத்துக்கு விசயம் தெரிந்திருந்தது. அவள் கொப்பரை முன்னால் உட்கார்ந்து, கேட்க வந்ததை வாய்விட்டுக் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "ஒனக்கு வேணாம் தங்கச்சி. எந்திரிச்சுப் போ" என்றார்.

"ஏண்ணே?"

"வேணாம்னா வேணாம். இது புள்ளைங்க வெளையாட்டு. போன்னு சொல்றேன்ல!"

அவர் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கோ கோபம் தலைக்கேறியது. "ஊரு பூராவும் அள்ளலாம், இவ மட்டும் அள்ளக் கூடாதா? நல்லாருக்கு ஒங்க நாயம்!" என்று சொல்லிவிட்டு, மடியில் கையை விட்டுச் சிவப்பு நூல் கரண்டியை எடுத்து அவள் கையில் திணித்தேன். இவர் என் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார். அதற்குள் கரண்டி தண்ணீரில் இறங்கிவிட்டது.

ஒரு மீன் கேட்டாள், இரண்டு ஏறின. ரெட்டைத் தாளில் இரண்டு சிவப்புக் குஞ்சும் துள்ளுவதைப் பார்த்ததும் பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ ஓடிப்போய் மேளக்காரரைக் கூட்டி வந்தார்கள். பிச்சையம்மாள் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். எனக்கும் அழுகை வந்தது. பெரிய புண்ணியம் செய்த நினைப்பு எனக்கு.

திரும்பிப் பார்த்தால் இவரைக் காணோம். கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தார். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய்ச் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"ராக்கன் செத்துப் போயிட்டான் சொர்ணம்" என்றார்.

"எங்க? எப்ப?" என்று கேட்டேன்.

"சயாம்ல. நாப்பத்திமூணுல. காலரா. நாந்தான் குழி தோண்டிப் பொதைச்சேன். இந்தக் கையால."

"அப்ப ஏன்யா வருவான்னு சொன்னீங்க?" மரியாதையெல்லாம் பறந்துவிட்டது எனக்கு.

"சேத்துக் கையோட வந்து நின்னாளே. அன்னைக்குச் சொல்ல வாய் வரல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். ஒரு நா தள்ளுனா, அடுத்த நா ரெண்டு மடங்கு கனமாயிருச்சு. அவளுக்குத் தாளு கிழிஞ்சிருந்தா… நான் சொல்லாமலே முடிஞ்சிருக்கும். அப்படி நெனைச்சதும் என்மேலயே எனக்குக் காறித் துப்பணும்போல இருந்துச்சு. அதான் அள்ளவே வேணாம்னேன்."

அவர் சொல்லால் கட்டிய முடிச்சை நான் கையால் இறுக்கிவிட்டு வந்திருக்கிறேன். யார் யாரைத் திட்டுவது?

"இப்பவே போயிச் சொல்லிர்றேன்" என்று எழுந்தார். நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். காப்புக் கட்டிய ஊருக்குள் சாவுச் செய்தி நுழையக் கூடாது. வெளியூரிலிருந்து துக்கம் சொல்ல வருகிறவனையே எல்லையில் நிறுத்தி, காப்பு அவிழ்க்கிறவரை காக்க வைப்பார்கள். இப்போது சொன்னால் அவளுக்குத் தீட்டு, தேர் நிற்கும், மழை நின்றால்கூட அவள் தலையில்தான் விடியும். மூன்று நாள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

வாழ்நாளில் நான் வாயை மூடியிருந்தது அந்த மூன்று நாள்தான். பிச்சையம்மாள் தலை கொள்ளாமல் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள். தேர் வடத்தை முதல் ஆளாகப் பிடித்தாள். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், புருசன் வந்தால் வீடு லட்சணமாக இருக்க வேண்டுமாம். அண்ணன்காரன் தலையில் அடித்துக்கொண்டு குன்றாண்டார்கோவிலுக்குப் பஸ் ஏறி, இல்லை என்று சொல்லிவிட்டு வந்தான். குழந்தைசாமி ஒன்றும் கோபப்படவில்லையாம். "அவங்க புருசன் நல்லபடியா வரட்டும்" என்றாராம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிச்சையம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது?

கொப்பரையை நாங்கள் மறுபடி திறக்கவில்லை. மீன்களுக்கு அம்மை கண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டோம். அதையும் ஊர் நம்பி வேப்பிலை கொண்டு வந்தது.

எட்டாம் நாள் காலையில் காப்பு அவிழ்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் ஈரம் காய்வதற்குள் நாங்கள் இரண்டு பேரும் பிச்சையம்மாள் வீட்டுக்குப் போனோம். ஆண்டிச்சாமியும் இருந்தான். இவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "தங்கச்சி, நான் ஒங்கிட்ட அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன். ராக்கன் வர மாட்டான்." எல்லாவற்றையும் சொன்னார். காடு, மழை, காலரா, குழி. நானும் விடவில்லை. "நான் குடுத்தது ரெட்டைத் தாளு ஒட்டின கரண்டி பிச்சையம்மா. புள்ளைங்களுக்குக் குடுக்கிறது. எருமை மாடு வந்து அள்ளினாலும் மீனு ஏறும்" என்றேன்.

ஆண்டிச்சாமி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். பிச்சையம்மாள் அவனைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அழவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"கடைசியில அவுங்க வயித்துல சோறு இருந்துச்சாண்ணே?"

இருந்தது என்று சொல்லிவிடேன் மனுசா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இன்னும் ஒரே ஒரு பொய், யாருக்கு என்ன நட்டம்?

"இல்ல தங்கச்சி" என்றார் இவர். "மூணு நாளா ஒண்ணும் எறங்கல. நான் கஞ்சித் தண்ணி வச்சிருந்தேன். எறங்கல."

அப்போதுதான் அவளுக்குக் குரல் உடைந்தது.

"அங்கயும் பட்டினியா? நானும் ஏழு வருசமாப் பட்டினி போட்டுட்டேனேண்ணே! ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னு ஊரே செத்தவுங்களுக்கு எலை போடும். உசுரோட இருக்கிறவுகளுக்குப் படைக்கக் கூடாதுன்னு நான் மட்டும் அடுப்ப மூடிட்டு உக்காந்திருப்பேன். ஏழு வருசமா எல்லார் வீட்டு வாசல்லயும் நின்னு பாத்துட்டு, நம்ம வீட்டுல ஒண்ணுமில்லன்னு போயிருப்பாங்களே! ஒரு வாய் சோறு நான் வைக்கலையே!"

நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். என் வீட்டுக்காரர் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என்னைத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன், தள்ளவில்லை.

அழுகை ஓய்ந்ததும் எழுந்தாள். முகம் கழுவி, தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து ஓரமாக வைத்தாள். அரிசி களைந்து உலை வைத்தாள். ஆண்டிச்சாமி, "தீட்டு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது ஆத்தா, முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றான்.

"ஏழு வருசத்துக்கு முந்தி உள்ள தீட்டுண்ணே, எல்லாம் கழிஞ்சிருக்கும்" என்றாள்.

சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் ஆயிற்று. தலைவாழை இலை போட்டுப் பரிமாறி, விளக்கேற்றிக் கும்பிட்டாள். படைத்த சோற்றைக் காக்கைக்கு எடுத்து வைப்பாள் என்று நாங்கள் வழிவிட்டு நின்றோம். அவள் வெளியே போகவில்லை. இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, சுவரோரம் கிடந்த என் வீட்டுக்காரர் முன்னால் வைத்தாள்.

"சாப்புடுங்கண்ணே" என்றாள். "அங்க அவுங்ககூட இருந்தது நீங்க ஒருத்தருதான். நீங்க சாப்புட்டாத்தான் அவுங்களுக்குப் போய்ச் சேரும்."

இவர் இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார். கண்ணீர் இலையில் விழ விழச் சாப்பிட்டார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, போதும் என்று அவர் சொல்லாதவரை, சோறு வைத்துக்கொண்டே இருந்தாள்.